நான் தின்று தீர்த்த பலாக்கொட்டை

மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில், காஞ்சிபுரம் செவிலிமேட்டில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. ஒரு செல் இன்னொன்றை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள அவை உதவுகின்றன. பலாக்கொட்டையில் இருக்கும் ஒரு புரதம் அந்தச் சர்க்கரையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அதுதான் என் ஆராய்ச்சி.

கல்லூரி ஃபிரிட்ஜ் பழுதானதால், கடைசிச் சோதனைக்கான கொட்டைகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். டப்பாமேல் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை, பெரிய மேதாவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் டப்பா காலி. மறுநாள் சோதனை. அது தவறினால் அடுத்த பலா சீசன்தான். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

பக்கத்து ஊரான ஐயம்பேட்டையிலிருந்து வந்திருந்த மாமியார் வெகுளியாகச் சொன்னார்: “அதையா தேடிக்கினு இருக்கீங்க மாப்ள? நேத்து கொழம்புல போட்டுட்டேனே. நல்லா இருக்குதுன்னு ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்ட்டீங்களே.”

சாப்பிட்டேன்தான். வெந்தால் அந்தப் புரதம் கெட்டுவிடும். வாய்க்கு வந்தபடி கத்தினேன். சமைப்பதைத் தவிர உங்களுக்கு வேறென்ன தெரியும் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார். கோபித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார் என்று நானும் மனைவியும் நினைத்தோம்.

சாயங்காலம் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். பை நிறைய செம்மண் பூசிய பலாக்கொட்டைகள். மழைக்காலக் குழம்புக்கென்று சில வீடுகளில் அப்படி எடுத்து வைப்பார்களாம். “நாலு வூட்ல கேட்டு வாங்கியாந்தேன். இது வேகாததுதான், பாருங்க” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சோதனை நல்லபடியாக நடந்தது. கொட்டைச் சாற்றைச் சேர்த்ததும் கண்ணாடித் தட்டில் ரத்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டபோது அழுதேவிட்டேன்.

சில மாதம் கழித்து ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தார். “பலாக்கொட்டைக் கொழம்பு கேட்ட மாப்ள நீங்கதானாப்பா? ‘என் கைக் கொழம்புன்னா மாப்ளைக்கு உயிரு’ன்னு சொல்லிக்கினு, உங்க மாமியார் கொட்டை கேட்டு அந்த மழையில எங்க வூட்டுக்கு வந்து நின்னாங்க.”

நான் கத்தியதை அவர் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. ஏச்சு வாங்கிய அன்றே தன் ஊரில் எனக்கு நல்ல மாப்பிள்ளை என்று பேர் வாங்கித் தந்திருக்கிறார். அந்தப் பேருக்குத் தகுந்தபடி நடக்கத்தான் இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன்.