சாம்பிராணித் தணலும் சாத்திய ஜன்னலும்

திருவொற்றியூரில் எங்கள் வீடு ஒரே அறைதான். போன கார்த்திகையில் ஒருநாள் காலை நல்ல வெயில் அடித்தது. அதை நம்பி என் நான்கு மாத மகளைத் தலைக்குக் குளிப்பாட்டினேன். துவட்டி முடிப்பதற்குள் வானம் இருண்டு, ஊதல் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில், சாம்பிராணி காட்டிய கரித்தணலை அறையிலேயே விட்டு ஜன்னல்களைச் சாத்தினேன்.

சிறிது நேரத்தில் எனக்குத் தலை வலித்தது, குமட்டியது. காற்று திரும்பினால் எங்கள் பக்கம் தொழிற்சாலைக் காற்று வருவது வழக்கம். அதுதான் என்று நினைத்து, கதவிடுக்கிலும் பழந்துணியைத் திணித்தேன்.

பால் கொடுக்கத் தூக்கினால் குழந்தை துவண்டு கிடந்தாள். வாயே திறக்கவில்லை. அலறிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ஓடிவந்தார். "இன்னாம்மா, நெருப்ப உள்ள வெச்சுக்கினு எல்லாத்தையும் மூடிக்கினு கீற? கருவாடா சுடுற? புள்ளைய வெளிய தூக்கினு வா!"

வாசல் காற்று பட்டதும் குழந்தை மெல்லச் சிணுங்கினாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, மறுநாள்தான் அனுப்பினார்கள். "கரித்தணல்ல வர்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாதும்மா" என்றார் டாக்டர். வெயிலை நம்பியதா, தணலை வைத்ததா, எது முதல் தவறு என்று இன்னும் யோசிக்கிறேன்.

இப்போதெல்லாம் மழைக்காலத்தில் குழந்தையை வெந்நீரில் துடைத்துவிடுவதோடு சரி. வீட்டுக்குள் தணலே கிடையாது. சாரல் அடித்தாலும் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும். தலை லேசாக வலித்தால்கூட முதலில் குழந்தையோடு வெளியே வந்துவிடுகிறேன். காரணத்தைப் பிறகுதான் தேடுகிறேன்.