நாத்தனார் சாய்ந்த சுவர்

நாத்தனார் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் அவளுடைய தலை வீட்டை விட்டுப் போகவில்லை. நடு அறைச் சுவரில், தரையில் உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எண்ணெய்க் கறையாக அது இருந்தது. ஓரம் பழுப்பு, நடு கறுப்பு. கிட்டே போனால் வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வாடை.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட மனுஷி அவள். அப்பா அம்மா இல்லாத தம்பியை வளர்த்தாள், படிக்கவைத்தாள், தானே பெண் பார்த்துக் கட்டிவைத்தாள். அதற்குப் பிறகு கடைசி மூச்சு வரைக்கும் அந்தப் பெண் மேல் ஒரு கண் வைத்திருந்தாள். அதற்காக அவள் எழுந்து நடமாட வேண்டியதே இல்லை. அந்த அறை அப்படி. கதவுக்கு எதிர்ச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் ஹால் தெரியும், ஹாலைத் தாண்டி வாசல் கேட் தெரியும். பக்கச் சுவரில், பாத்திரம் கொடுத்து வாங்க எவரோ எந்தக் காலத்திலோ விட்டுவைத்த திறப்பு வழியாக அடுப்பும் தெரியும். "எவ்வளவு நேரம் குழாய் ஓடுது?" என்று அங்கிருந்து குரல் வரும். "ஃபோன்ல யாரு?" என்று வரும். பதில் சொல்லாவிட்டால் மறுபடியும் வரும்.

அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்த தம்பி மனைவிதான் இப்போது தெருவில் மேஸ்திரியம்மா. சிமென்ட், உளி, உப்புத்தாள் என்று தினமும் வந்து நிற்கிறாளே என்று ஹார்டுவேர் கடைக்காரர் வைத்த பேர் அது.

அவளை மேஸ்திரியாக்கியது பெரிய மகள். பெரியவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு வேலை. விடிந்து வந்து பகலில் தூங்க வேண்டும். ஹாலில் ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு, டிவிக்கும் தன் தம்பி சின்னவனின் பந்துக்கும் நடுவில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அம்மா, மாசக் கடைசிக்குள்ள எனக்குன்னு படுக்க ஒரு இடம் பண்ணிக் குடு. இல்லன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னதற்கு என்ன செய்வது. வீட்டை விட்டு ஒரு தரம் கிளம்பிய பெண் விருந்தாளியாகத்தான் திரும்பி வருவாள் என்று மேஸ்திரியம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கே நடு அறையைத் திறந்தாள்.

முதலில் ஒரு கொத்தனார் வந்தார். கதவு நிலையை ஆட்டிப் பார்த்தார், பாதித் தரையைப் பெயர்த்தார், நாளைக்கு வருகிறேன் என்று போனார். அந்த நாளை வரவேயில்லை.

"வேற ஆள் பாக்கறேன்," என்றார் அவள் வீட்டுக்காரர்.

"சமையலறைக் குழாய்க்கு ஆள் பாக்கப் போனீங்களே, அந்த ஆள் பொறந்துட்டானா, இன்னும் இல்லையா?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உளியை எடுத்தாள்.

தரையை அவளே போட்டாள். ஓட்டை விழுந்த பழைய சட்டியில் கலவை, தோசைத் திருப்பி பிடித்த கையில் கரணை. ஒரு ஓடு பதிப்பாள், ஓடிப் போய் அரிசியைக் களைவாள். குக்கர் கூப்பிடும், சின்னவன் கணக்கு வரவில்லை என்று கூப்பிடுவான், கேட்டில் காய்காரர் கூப்பிடுவார். "எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு," என்று கத்திவிட்டு இருக்கிற இரண்டு கையாலேயே எல்லாவற்றையும் முடிப்பாள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கும். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது.

எல்லாம் அடங்கியது, கறை மட்டும் அடங்கவில்லை. வெள்ளை அடித்தாள். காய்ந்ததும் மஞ்சளாக எட்டிப் பார்த்தது. மேலே இன்னொரு தரம் அடித்தாள். மறுநாள் மெதுவாக, தூங்கி எழுந்த முகம் மாதிரி வெளியே வந்தது.

ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மேஸ்திரியம்மா, எண்ணெய் குடிச்ச சுவரு பெயிண்டைக் குடிக்காது. பூச்சைக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசுங்க."

செங்கல் தெரியும் வரை கொத்தினாள். ஒவ்வொரு அடிக்கும் வெந்தய வாடை குப்பென்று எழுந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, "போதும் அண்ணி, எழுந்திருங்க," என்று பல்லைக் கடித்தபடி அடித்தாள். வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் குப்பையில் கிடந்த ஒரு பூச்சுத் துண்டை எடுத்தார். கைக்குள் அடங்கும் துண்டு, கறுத்து வழவழவென்று இருந்தது.

"அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"சும்மா."

அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

புதுப் பூச்சு, பட்டி, பிரைமர், பெயிண்ட். கடைசியில் சுவர் சுவராக நின்றது. கட்டில் வந்தது, சன்னலுக்குக் கெட்டித் திரை வந்தது, பெரியவள் வந்து படுத்தாள். மாசம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று மேஸ்திரியம்மா மனசுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது சில்லறை வேலை. கதவை இழைத்து வார்னிஷ் அடிக்க வேண்டும். சமையலறைத் திறப்பை அடைக்க வேண்டும். அடைப்பதை மட்டும் தள்ளிப்போட்டாள். அதை அடைத்துவிட்டால் அறைக்குள் வேலை செய்துகொண்டே அடுப்பைக் கவனிக்க முடியாது. கழற்றிய கதவுப் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு, சத்தம் வராமல் உப்புத்தாளால் தேய்ப்பாள். பீன்ஸ் நறுக்குவதையும் அங்கேயே கொண்டு வந்து வைத்துக்கொள்வாள். மகள் தூங்குவதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், பெரியவள் குளிக்கப் போயிருந்த நேரம், படுக்கையைத் தட்டிப் போட உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்தாள்.

கறை வந்திருந்தது. அதே இடம், அதே உயரம், வட்டம்கூட அதே வட்டம். மூக்கை வைத்துப் பார்த்தாள். வெந்தயம்.

பழைய எண்ணெய் ஊறி வெளியே வந்தது என்று சொல்ல வழியில்லை. அந்தப் பூச்சைத்தான் கொத்திக் குப்பையில் போட்டாகிவிட்டதே. செங்கல் வரைக்கும் அவளே போய்ப் பார்த்தாளே. பேய் பிசாசு என்று யாராவது பேசினால் வாயிலேயே போடுகிறவள், கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள். "போன இடத்துல சாஞ்சுக்க ஒரு சுவரு இல்லையா அண்ணி? இங்கதான் வரணுமா?"

திறப்பு வழியாக அடுப்புச் சத்தம் கேட்டது.

லீவு நாள், எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கூப்பிட்டு நிறுத்தினாள்.

"யாரு இங்க தலையை வெச்சது?"

வீட்டுக்காரர் கறையைப் பார்த்தார். கண் கலங்கியது. "அக்காவா இருக்கும்," என்றார், பக்கத்து வீட்டுக்கு யாரோ வந்திருப்பதைச் சொல்வது மாதிரி.

"உட்காருங்க அங்க."

"நான் எதுக்கு?"

"உட்காருங்கன்னா உட்காருங்க."

உட்கார்ந்தார். தலை கறைக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. அதோடு அந்தத் தலையில் முடியும் இல்லை. "எண்ணெய் தேய்க்க உங்களுக்கு இடம் எது, நெத்திதான் பின்கழுத்து வரைக்கும் போகுதே," என்று சொல்லி எழுப்பிவிட்டாள். சின்னவன் தானாகவே ஓடி வந்து உட்கார்ந்தான். அவன் தலை கறையின் அடியைக்கூடத் தொடவில்லை.

"அத்தை பேயா வந்துட்டாங்களா? நான் ஸ்கூல்ல சொல்லலாமா?"

"சொல்லு. அப்படியே அத்தைக்கும் வீட்டுப்பாடம் எழுதிட்டு வரச் சொல்லுவாங்க. எழுந்திரு."

ஈரத் தலையோடு பெரியவள் அறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் பை இருந்தது. அடைத்துக் கட்டிய பை.

"நீ உட்காரும்மா," என்றாள்.

"நானா? எனக்கு வேலை இல்லையா?"

"ஒரு தடவை உட்காரு."

மேஸ்திரியம்மா உட்கார்ந்தாள். முதுகு சுவரைத் தொட்டது. யாரும் சொல்லாமல் தலை பின்னால் போய்ச் சாய்ந்தது, தலையணை தெரிந்த தலை மாதிரி, வட்டத்தின் நடுவில். நிமிர்ந்தால் கேட் தெரிந்தது. லேசாகத் திரும்பினால் அடுப்பு தெரிந்தது. கை தன்னால் தலைக்குப் போனது. விரலில் எண்ணெய். நாத்தனார் காய்ச்சி வைத்துவிட்டுப் போன எண்ணெய் ஒரு கேன் நிறைய இருந்தது. நல்ல எண்ணெய், கொட்டுவானேன் என்று ஒரு வருஷமாக அவள்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"முதல் நாள் முழிச்சுப் பாத்தப்ப அத்தை உட்கார்ந்திருந்தாங்கம்மா. திரை போட்டு இருட்டா இருந்துச்சா, தலையும் புடவையும்தான் தெரிஞ்சுது. வேர்த்துப் போயி போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். அப்புறம், 'அடுப்பைக் குறைடா'ன்னு தம்பிகிட்ட சொல்ற குரல் கேட்டுச்சு. பாத்தா நீ." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கப்புறம்தான் ரொம்ப பயமா இருந்துச்சு."

"நான் கதவைத் தேச்சுட்டுதானடி உட்கார்ந்திருந்தேன்."

"கதவு எப்பவோ வழவழன்னு ஆயிடுச்சும்மா. நான் திரும்பிப் படுத்தா 'தூக்கம் வரலையா'ங்கறே. ஃபோனை எடுத்தா 'யாரு'ங்கறே. ஹால்ல அத்தனை சத்தத்துல தூங்கினேன். இங்க சத்தமே இல்ல, தூங்க முடியல. சாயங்காலம் கிளம்பறேன்."

மேஸ்திரியம்மாவுக்குப் பதில் எப்போதும் நாக்கு நுனியில்தான் இருக்கும். இப்போதும் வந்தது. "நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க?"

பேப்பரோடு ஹாலுக்கு நழுவப் போன வீட்டுக்காரர் அப்படியே நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"அக்கா இப்படித்தான் சொல்வாங்க," என்றார். "இதே மாதிரி, இழுத்து."

அவளுக்கும் காதில் விழுந்திருந்தது. அந்தக் கடைசி வார்த்தையைத் தூக்கிச் சொல்வது, சொல்லிவிட்டு உதட்டை இறுக்குவது. எத்தனை வருஷம் அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்கிறாள். வெளியே விட்டுவிட்டோம் என்று நினைத்துக் கொத்திக் கொட்டியது சுவரைத்தான். நாத்தனார் இவள் தொண்டைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தாள். சுவரில் கை ஊன்றாமல் எழுந்தாள்.

"பையை எடுக்காதே. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கில்ல," என்றாள் பெரியவளிடம். வீட்டுக்காரரைப் பார்த்து, "பேப்பர் படிச்சது போதும். கொல்லையில செங்கல் இருக்கு, எடுத்துட்டு வாங்க."

சமையலறைப் பக்கம் நின்று திறப்பை அடைத்தாள். அவர் செங்கல் எடுத்துக் கொடுத்தார், வாழ்க்கையில் முதல் முறையாகக் கேள்வி கேட்காமல். வரிசை ஏற ஏற அறை குறைந்துகொண்டே வந்தது. முதலில் கட்டில் மறைந்தது. பிறகு பக்கத்துச் சுவரில் இருந்த கறை மறைந்தது. கடைசிச் செங்கலின் இடம் மட்டும் பாக்கி இருந்தபோது அது வழியாக மகளின் முகம் தெரிந்தது. பையின் மேல் கை வைத்தபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று மேஸ்திரியம்மாவுக்கு மறந்து போயிருந்தது. கலவையைத் தடவிச் செங்கல்லை உள்ளே தள்ளினாள்.

பிறகு கதவு. கழற்றி வைத்திருந்த பலகையை நிலையில் மாட்டினாள். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம்தான் கொண்டி. உள்தாழ் நாத்தனார் காலத்திலும் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது. ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். டிரில்லால் துளை போட்டாள். பெரியவள் வந்து பக்கத்தில் நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"கறையை என்னம்மா பண்றது?" என்று மட்டும் பெரியவள் கேட்டாள்.

"புதுசுதான். சோப்புத் தண்ணி வெச்சுத் துடைச்சா போயிடும். நீயே துடைச்சுக்கோ. நான் உள்ள வரல." திருப்புளியைக் கீழே வைத்தாள். "போட்டுப் பாரு, சரியா விழுதான்னு."

பெரியவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் விழுந்தது. புது இரும்பு, கொஞ்சம் கரகரப்பு.

மேஸ்திரியம்மா வெளியே நின்றாள். இனி எங்கே நின்றால் என்ன தெரியும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஹாலிலிருந்து அடுப்பு தெரியாது, அடுப்படியிலிருந்து கேட் தெரியாது, எங்கிருந்தும் மகள் தெரியமாட்டாள். வீட்டுக்காரர் அருகில் வந்து கிசுகிசுத்தார்.

"போயிடுவாளா?"

"தெரியல."

கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு குரல் வந்தது, தூக்கம் பாதி ஏறிய குரல்.

"அம்மா, நாலு மணிக்கு எழுப்பு."

ஹாஸ்டலுக்குப் போகவா, எழுந்து டீ குடிக்கவா என்று கேட்க வாய் திறந்துவிட்டது. கதவில் கைகூட வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டறேன்," என்றாள்.