டிசைனுக்குத்தான், கேமுக்கு இல்லை

லேப்டாப் கடையில் நிற்பவனுக்குக் கால் வலியைவிடக் காது வலிதான் அதிகம். புனேயில் ஔந்த் பக்கம் ஒரு கடையில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன். "டிசைனுக்குத்தான், கேமுக்கு இல்லை, ஆனா வேகமா ஓடணும், கனமும் இருக்கக் கூடாது, சூடும் ஆகக் கூடாது" என்று கேட்பவர்களைக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டிசைன், கேம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மெஷின்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், மெமரி நிறைய வேண்டும், ஃபேன் நன்றாக ஓட வேண்டும். கேம் என்று சொன்னால் வீட்டில் வாங்கித் தர மாட்டார்கள். டிசைன் என்றால் அது படிப்பு. இத்தனை பொய்யும் அதனால்தான்.

விளக்கு எரியும் கீபோர்டு

காலேஜ் அட்மிஷன் சமயம். ஒரு பையன் அப்பாவோடு வந்தான். கட்டட டிசைன் படிக்கப் போகிறானாம். என்ன சாஃப்ட்வேர் ஓட்டுவாய் என்று கேட்டேன். "எல்லாம்" என்றான். நான் எதைக் காட்டினாலும் அவன் கண் மட்டும் கலர் கலராக விளக்கு எரியும் கீபோர்டை விட்டு நகரவில்லை.

என்னோடு நிற்கும் சச்சின் கவுன்டருக்குக் கீழே இரண்டு விரலைக் காட்டினான். ஒரு விரல் என்றால் டிசைன், இரண்டு என்றால் கேம். எங்கள் கணக்கு அது. ஒற்றை விரலுக்கு அதிகம் வேலை வந்ததில்லை. அப்பாவுக்கும் சந்தேகம்தான். படிப்புக்கு இத்தனை விளக்கு எதற்கு என்று இந்தியில் கேட்டார். பையன் ஒரு நொடி யோசிக்கவில்லை. "கரண்ட் போனாலும் படிக்கணும்ல பப்பா?"

ஆணி அடிக்காத டிசைனர்

ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர், தமிழர், வயது நாற்பது இருக்கும். மனைவியோடு வந்தார். புது ஃபிளாட்டுக்கு உள்ளலங்காரம் முழுவதையும் தானே கம்ப்யூட்டரில் வரையப் போவதாகச் சொன்னார். கிச்சன், சீலிங், எல்லாம். கேம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் வேகமாக ஓடும் படத்தைத் திரை எப்படிக் காட்டும் என்று மட்டும் நாலு தடவை கேட்டார். அவர் வீட்டு சீலிங் எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. பிழைப்பு கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

நான் பில் போட்டு முடித்ததும் அந்த அம்மா முன்னால் வந்தார். பையைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சுவத்துல ஒரு ஆணி அடிக்க மூணு வருஷமா இவருக்கு நேரமில்லை, தம்பி. இப்ப வீட்டையே வரையப் போறாராம்."

எங்கள் ரகசிய மொழி

புனேக்காரத் தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கூட்டத்துக்கு நடுவே நின்று ஒருவரைப் பற்றித் தாராளமாகப் பேசலாம், தமிழில் பேசினால் போதும். கடையில் நான் அதை நிறையவே பயன்படுத்தியிருக்கிறேன்.

சிஞ்ச்வடில் மோட்டார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வராஜ் மகள் நித்யாவோடு வந்தார். அவரும் நானும் இரண்டு வார்த்தையிலேயே ஊர் விசாரித்துவிட்டோம். அந்தப் பெண் சச்சினிடம் இந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டுமே பேசினாள். திரையில் நிறம் சரியாக வருமா, மெமரியைப் பிறகு கூட்ட முடியுமா என்று சரியான கேள்விகளாகக் கேட்டாள். எதற்கு என்றதும், "காலேஜ் டிசைனுக்கு. கேமும் விளையாடுவேன்" என்றாள். பன்னிரண்டு வருடத்தில் அப்படி யாரும் ஒப்புக்கொண்டதில்லை. சச்சின் ஒற்றை விரலைக் காட்டினான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். செல்வராஜிடம் தமிழில், "அண்ணே, நம்மாளுன்னு சொல்றேன். எல்லாம் கேமுக்குத்தான். பெரிசெல்லாம் வேணாம், இந்தச் சின்னதே போதும்" என்றேன். நித்யா தான் பார்த்துக்கொண்டிருந்த பெரிய லேப்டாப்பை மூடி வைத்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, நம்ம பாஷைல சொல்ல நீங்க ஒருத்தர் இருந்தீங்க."

மூன்று மாதம் கழித்து

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நித்யா மட்டும் வந்தாள். அவள் வரைந்த கட்டடத்தைக் காலேஜில் திரையில் சுழற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, லேப்டாப் அப்படியே உறைந்துவிட்டது. திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதிலும் முடியாவிட்டால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மெமரியைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்டாள். நான் தலையில் கட்டிய அந்த மாடலில் கூட்டவும் முடியாது.

கேம் ஏற்றி நிரப்பியிருப்பாள் என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே உன் அப்பாவிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று இந்தியில் முனகினேன். அவள் வார்த்தை வார்த்தையாகத் தேடித் தமிழில் பதில் சொன்னாள். "நீங்க சொன்னது எல்லாம் புரிஞ்சுது, அங்கிள். பேசத்தான் சரியா வராது. அப்பா உங்களைப் பாத்து ரொம்ப ஹேப்பியா இருந்தார், அதான்..."

டெமோ மேஜை

முதலாளியிடம் கெஞ்சினேன். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பெரிய கேமிங் லேப்டாப்பில் சனியும் ஞாயிறும் அவளை வேலை செய்ய விட வேண்டும் என்றேன். வியாபாரம் படுத்துவிடும் என்று அவர் கத்தினார். பிறகு, என் வார லீவை எடுக்காமல் வந்தால் சரி என்றார். அவள் இரண்டு நாளும் அசையாமல் வரைந்தாள். கேம் பார்க்க வந்த பையன்கள் சுற்றி நின்று கட்டடம் சுழல்வதைப் பார்த்தார்கள். சச்சின் வருகிறவர்கள் எல்லாருக்கும் அவளைக் காட்டி ஒற்றை விரலை நீட்டினான்.

ஞாயிறு சாயங்காலம் கட்டடம் சுழல்வதை வீடியோவாக மாற்றி, எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். கிளம்புவாள் என்று நினைத்தேன். விளக்கு எரிந்த கீபோர்டைப் பார்த்தபடி கேட்டாள்: "அங்கிள், இப்ப ஒரு கேம் போடட்டுமா?"

செல்வராஜ் மறுபடி வந்தார்

திங்கட்கிழமை தப்பித்துவிட்டாள். அடுத்த வாரம் செல்வராஜ் பழையதை மாற்ற அவளோடு வந்தார். இரண்டு நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "தப்பு என் மேலதான், அண்ணே. பொண்ணு உண்மையைத்தான் சொல்லிச்சு. நான்தான் நம்பல." அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். பழக்கத்தில் நான் அவர் பக்கமே திரும்பி, தமிழில், எந்த மாடல் நல்லது என்று ஆரம்பித்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? அவகிட்டயே தமிழ்ல சொல்லுங்க, அவளுக்குப் புரியும்."

பன்னிரண்டு வருடமாகப் பொய் சொன்னவர்களுக்கெல்லாம் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, உண்மை சொன்ன ஒருத்தியிடம் மட்டும் என் அனுபவத்தைக் காட்டியிருக்கிறேன்.