ஒளிராத முதல் லாட்

ஆயுதபூஜை விடுமுறை முடிந்து பேக்டரி திறந்த அன்று காலை, எங்கள் பாக்டீரியாவெல்லாம் செத்துவிட்டதாக லேபிலிருந்து செய்தி வந்தது. நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். சாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனேன்.

ஓசூரில் இருபது வருடம் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்துவிட்டு இந்தக் கம்பெனிக்கு வந்தவன் நான். இங்கே தயாராகும் சரக்கே பாக்டீரியாதான். ஜீனை மாற்றியமைத்த பாக்டீரியா. கேப்சூலாக விழுங்கினால் குடலில் புண் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே மருந்து சுரக்கும். மறுநாள் மலச் சாம்பிளில் காற்றுப் பட்டதும் ஒளிரும். லைட் மீட்டரில் வைத்தால் புண் எவ்வளவு என்று எண் வரும். குடலுக்குள் டியூப் விட்டுப் பார்க்கும் வேதனை நோயாளிக்கு மிச்சம். ஆறு வருடம் பாடுபட்டு இதை உருவாக்கியவர் சௌம்யா மேடம். தினமும் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வருவார்.

ஆஸ்பத்திரிச் சோதனைக்குப் போகவேண்டிய முதல் தொகுப்பு, அதாவது முதல் லாட், அது. பிளாஸ்கில் புண்ணுக்குப் பதிலாக ஒரு கெமிக்கலைச் சேர்த்து ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள். மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஆறு தடவையும் பூஜ்யம். மீட்டரை யாரும் சந்தேகப்படவில்லை. அதன் மேல் போன வாரத் தேதியோடு, அளவு சரி என்று சொல்லும் காலிபரேஷன் ஸ்டிக்கர் பளபளத்தது. எங்கள் பக்கத்துப் பேக்டரிகளில் ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின் பொய் சொல்லாது.

"லாட்டை அழிச்சிடுங்க" என்றார் பிளான்ட் ஹெட். "திங்கக்கிழமை பேஷன்ட்டுங்க வந்து ஒக்காந்துக்கினு இருப்பாங்க. அவங்களுக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது? இந்த ப்ராஜெக்டே வேணுமான்னு மேல பேசணும்."

"சார், இன்னொரு தடவை பார்க்கலாம் சார்" என்றார் சௌம்யா மேடம்.

"ஆறு தடவ பாத்தாச்சும்மா."

பெரிய பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் வைத்து வேகவைத்து அழிக்கவேண்டும். அதன் கதவு என் கைக்கு மட்டும்தான் அடங்கும். பிளாஸ்குகளை டிராலியில் தள்ளிக்கொண்டு போனேன். டிராலியின் ஒரு சக்கரம் கோணல். இரண்டு மாதமாக என்னிடம் கம்ப்ளைன்ட் இருக்கிறது. பிளாஸ்குகள் குலுங்கிக்கொண்டே வந்தன. சௌம்யா மேடம் கண் சிவந்து கூடவே வந்தார். எனக்கு மனசே சரியில்லை.

"உடும்மா, வேற செஞ்சிக்கலாம்" என்றேன்.

"ஆறு வருஷம் அண்ணா" என்றார்.

ஆட்டோகிளேவ் அறைக்கு ஜன்னல் கிடையாது. அறைக் கதவைச் சாத்திய நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க அரை நிமிடம் ஆகும். கும்மிருட்டு. கொஞ்சம் கொஞ்சமாக டிராலி மேல் நீலப் பச்சையாக ஏதோ தெரிந்தது. ஆறு பிளாஸ்கும் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினார் மேடம். "அண்ணா, குலுக்குங்க! காத்துப் பட்டா இன்னும் வரும்!"

குலுக்கினேன். பளிச்சென்று ஏறியது. கரண்ட் வந்தபோது அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

பிளான்ட் ஹெட் முன்னால் மீட்டரின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். மூடியின் உட்பக்கம் வெளிச்சத்தை வாங்கும் வட்டக் கண்ணாடி மேல் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

பிரஸ் ஷாப் நாளிலிருந்து ஆயுதபூஜைக்கு ஒரு மெஷினையும் பொட்டில்லாமல் நான் விட்டதில்லை. என் பத்து விரலும் பத்திரமாக இருப்பது அதனால்தான் என்று நம்புகிறவன். இந்த வருடம் ஆடிட்டர் வருகிறார், லேபில் பொட்டு எதுவும் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. அதனால் மூடியைத் திறந்து உள்ளே வைத்தேன். அளவெடுத்து வைத்தது போல அங்கே வட்டமாக ஓர் இடம் இருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை.

"யாரு வேல இது?" என்றார் பிளான்ட் ஹெட்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"ஹவுஸ்கீப்பிங் லட்சுமிதான் இங்க தொடைக்கறது. கான்ட்ராக்டருக்கு போன் போடு. நாளையிலேர்ந்து அந்தம்மா வர வேணாம்."

"நாந்தாங்க சார்" என்றேன். "வெளிய தெரியக்கூடாதுன்னு சொன்னீங்க. அதான் உள்ள வெச்சேன்."

"போன் போடாத, உடு" என்றார் அவர். பிறகு, தவறு நடந்தால் நிரப்பவேண்டிய டீவியேஷன் ரிப்போர்ட் படிவத்தை என் கையில் கொடுத்து, "நீயே எழுதுய்யா" என்றார். 'மூல காரணம்' என்ற கட்டத்தில் சந்தனம், குங்குமம், என் பெயர் மூன்றையும் எழுதினேன். 'இனி நடக்காமல் தடுக்க' என்ற கட்டத்தில், மீட்டர் எதைச் சொன்னாலும் லாட்டை அழிக்கும் முன் விளக்கை அணைத்துக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று எழுதினேன். அது இன்று எங்கள் வேலை விதிப் புத்தகமான எஸ்.ஓ.பி.யில் இருக்கிறது. லாட் திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் பொட்டு வரைக்கும் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் தப்பு உங்களுடையது என்றால் அந்த நொடியே சொல்லிவிடுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றது பத்து விநாடி இருக்கும். அதற்குள் லட்சுமிக்கு வேலை போயிருந்தது.