‘பரவாயில்லை’ அம்மாவுக்குப் போதவில்லை

அம்மா இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் அன்பு வணக்கம். மூத்த மகள் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. “அக்கா, நீ எழுதுனா நீட்டிப்புடுவ” என்று தம்பிகள் இருவரும் எச்சரித்திருக்கிறார்கள். முடிந்தவரை அடக்கிக்கொள்கிறேன்.

அம்மா குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, வானம் பார்த்து நிலக்கடலை போடும் ஒரு சிற்றூரில், ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார்கள். மழை பொய்த்த ஒரு வருடம், பங்குச் சாமியார் சொல்லி, திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் வீட்டார் அம்மாவைச் சேர்த்தார்கள். அங்கே பக்கத்துப் பாயில் படுத்தவர்தான் லூர்து சித்தி. உடன்பிறந்த தங்கை இல்லை. ஆனால் எங்களுக்கு அவர் எப்போதும் சித்திதான்.

அப்பாவை மணந்து திண்டுக்கல்லிலேயே அம்மா குடியமர்ந்தார்கள். சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார்கள். முட்டை போடும் நாளில் அவர்களின் குரல் பக்கத்துத் தெருவரை கேட்கும். எந்தப் பிள்ளையாவது தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் மறைக்கல்வி ஆசிரியை. முதன்முதலாக நற்கருணை பெறும், அதாவது புதுநன்மை வாங்கும் பிள்ளைகளைத் தயாரிப்பது அவர்கள் பொறுப்பு.

பாவத்தைப் பற்றி அம்மா நடத்தும் வகுப்பில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காரணம், உதாரணங்கள் எல்லாம் சொந்தச் சரக்கு. கன்னியர் தோட்டத்துக் கொய்யாவைத் திருடியது, தாயம் விளையாடும்போது காயை ஒரு கட்டம் தள்ளி வைத்தது, அப்பாவிடம் புதுச் சேலையைப் பழசு என்று சொன்னது. கடைசியில் குரலைத் தாழ்த்துவார்கள். “கெணத்துல விழுந்தவன் தன் முடியத் தானே புடிச்சு இழுத்து மேல வர முடியுமா? முடியாதுல்ல? மேல இருந்து ஒருத்தர் எறங்கி வரணும். அவருதான் இயேசு சாமி.”

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், தவக்காலத் தொடக்கத்தில், அந்த வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள். “டீச்சர், நீங்க செஞ்சதுலயே பெரிய பாவம் எது?”

வழக்கமாக அம்மா தாயக்கதையைச் சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அன்று வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சேலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. அப்பாவையும் என்னையும் எதிரே உட்காரச் சொல்லி, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்கள்.

லூர்து சித்திக்கு இருபத்தொரு வயதில் செம்பட்டியில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயமும் ஆயிற்று. அதே மாதத்தில் அம்மாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை. பொறாமையில் அம்மா அந்த வாத்தியார் வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினார்கள். பெண்ணுக்குக் காக்கா வலிப்பு என்று இரண்டே வரி. கல்யாணம் நின்றுவிட்டது. சித்தி அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டதும் அம்மாதான். இத்தனை வருடப் பாவசங்கீர்த்தனத்தில் கொய்யாக்காய் வரை சொன்னவர்கள், இதை மட்டும் விழுங்கியே வந்திருக்கிறார்கள்.

“இம்புட்டு வருசம் கழிச்சு எதுக்குக் கெளறுற? அந்தப் பிள்ள நல்லாத்தான இருக்கு” என்றார் அப்பா.

அம்மா கேட்கவில்லை. அந்த வாரமே சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஆனால் சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டுக்கொண்டு தாடிக்கொம்பு பஸ் ஏறினார்கள். “ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. அதுக்காக அவகிட்ட ஒளிஞ்சுக்கிட்டுத் திரியலாமா?” என்றார்கள்.

தாடிக்கொம்பில் சித்தி முற்றத்தில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டார்கள்.

“ஒனக்கு வலிப்பு இருக்குன்னு செம்பட்டிக்குக் கடுதாசி போட்டது நாந்தான் லூர்து.”

சித்தி ஒரு நிமிடம் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார். “அடிப்பாவி! நீயா அது? அந்த வாத்தியாரு கட்டுனவளப் படுத்துன பாடு ஊருக்கே தெரியும். நான் தப்பிச்சேன். எனக்கு வாய்ச்ச மனுசன் தங்கம். பரவால்ல விடு, காப்பி போடுறேன்.”

நான் பெருமூச்சு விட்டேன். முடிந்தது, காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன். அம்மா அசையவில்லை.

“பரவால்லன்னு சொல்லாத லூர்து. நல்லபடியா முடிச்சது ஆண்டவரு. நான் செஞ்சது கெட்டதுதான். பரவால்லன்னா அவரு எதுக்குச் சிலுவையில தொங்கணும்? நான் மன்னிப்புக் கேக்க வந்துருக்கேன்.”

சித்தியின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“அப்பக் கேட்டுக்க. எங்கய்யா என்னைய மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, வலிப்பு இல்லன்னு டாக்டர்ட்ட எழுதி வாங்குனாரு. அந்தச் சீட்ட சட்டப் பையிலயே வச்சுக்கிட்டு, பாக்குறவுககிட்டல்லாம் காட்டுனாரு. கேக்காதவுகளுக்கும் காட்டுனாரு. எனக்கு முன்னாடி என் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சு. அன்னைக்கு நான் சமையக்கட்ட விட்டு வெளிய வரல. நாலு வருசம்டி.” எழுந்து நின்றார். “போ. இப்ப ஒன் மொகத்தப் பாக்க முடியல.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம். சும்மா இருந்தவரைக் கிளறி, இருந்த நட்பையும் கெடுத்துக்கொண்டார்களே என்று. நான்கு வாரம் சித்தியிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. அப்பா மனம் கேட்காமல், “நான் வேணா போயி பேசிப் பாக்கவா?” என்று கேட்டார்.

“வேணாம். கேக்குறதுதான் என் வேல. குடுக்குறது அவ இஷ்டம்” என்றார்கள் அம்மா.

குருத்து ஞாயிறு அன்று பவனி கிளம்பும் நேரத்தில், கையில் ஓலையோடு சித்தி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பரவால்லன்னு சொல்ல வரல. நீ செஞ்சது பெரிய தப்பு. செபம் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், முடியல. நேத்துதான் முடிஞ்சுச்சு. எங்கய்யாவுக்கும் சேத்துச் சொல்றேன். மன்னிச்சிட்டேன்.”

அம்மா போட்ட அழுகைச் சத்தத்தில், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஓடி வந்தார். சித்தி அவரைப் பார்த்து, “ஒண்ணுமில்ல அண்ணே, நல்ல அழுகதான்” என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதார். பிறகு வீட்டுக்கு வந்து ஆளுக்கு ஆறு இட்லி சாப்பிட்டார்கள். அதற்குமேல் ஒருவர் தட்டில் ஒருவர் திணித்ததை நான் எண்ணவில்லை.

அன்று தொடங்கி அம்மாவுக்குச் சித்தி வைத்த பெயர் ‘மொட்டைக் கடுதாசி’. போனை எடுத்ததும், “ஏய் மொட்டைக் கடுதாசி, சாப்டியா?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

மறு வருடம், சித்தியின் அனுமதியோடு, வகுப்பில் இந்தக் கதையை அம்மா சொன்னார்கள். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்களாம். கடைசியில் ஒரு பொடியன், “டீச்சர், அவங்க ஒங்க கூட காய் விட்டுட்டாங்களா?” என்று கேட்டிருக்கிறான். “நாலு வாரம் காய். அப்பறம் பழம்” என்றார்களாம் அம்மா. கல்வாரிச் சிலுவையைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். மன்னிப்புக்கு விலை உண்டு என்பதை எனக்குப் புரியவைத்தது சித்தி கீழே வைத்த அந்த வெங்காயம்தான்.

இதயம் பலவீனமாகி அம்மா ஐந்து மாதம் படுக்கையில் இருந்தார்கள். சித்தி வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறி வந்தார். கட்டில் மேலேயே தாயம் நடக்கும். ஒரு நாள் சித்தி போட்ட கூச்சலில் நான் அடுக்களையிலிருந்து ஓடினேன். “பாருடி ஒங்கம்மாள! ஆக்சிஜன் குழாய மாட்டிக்கிட்டுக் காய நகட்டுறா!” அம்மா கண்ணை மூடிச் செபம் செய்வதுபோல் படுத்திருந்தார்கள்.

ஒரு காலைப் பொழுதில், சாமியார் கையால் நோயிற்பூசுதலும் நற்கருணையும் பெற்றபின், எங்கள் கைகளைப் பிடித்தபடியே அமைதியாகக் கண் மூடினார்கள்.

அந்த ஐந்து மாதமும் கஞ்சி காய்ச்சி அனுப்பிய பக்கத்து வீட்டு மெகருன்னிசா அக்காவுக்கும், நேரம் பாராமல் வந்த பங்குத்தந்தைக்கும், அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஊசி போட்ட செவிலியர்களுக்கும், அடக்கத்தன்று நாற்காலி சுமந்து வந்து போட்ட தெருக்காரர்களுக்கும், பள்ளிச் சமையல்கூடத் தோழிகளுக்கும் எங்கள் நன்றி. “எழுது. எல்லாத்தையும் எழுது. ஆனா எனக்கு நரை கம்மின்னு எழுது” என்று அனுமதி தந்த லூர்து சித்திக்குத் தனி நன்றி. சித்திக்கு நரை கம்மிதான்.

கடைசியாக ஒன்று. இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, “நினைவு மலரு போடுவீங்கல்ல? அதுல என்னையப் புனிதைன்னு எழுதிப்புடாதீங்க. படிக்கிறவங்க, இவதான் மோட்சத்துக்குப் போயிட்டாளேன்னு செபம் பண்ணாம விட்டுருவாங்க. எனக்கு அது வேணும்” என்றார்கள். நாங்கள் எழுதவில்லை. ஆகவே இதைப் படித்து முடித்ததும், சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் முன், அம்மாவுக்காக ஒரு செபம் சொல்லிவிடுங்கள். முட்டைக் குழம்புதான், ஆறாது.