நண்டு மேசைக்குச் சக்கரம்

முத்தையாபுரம் பக்கம் ஒரு மீன் பதனிடும் ஆலையில் எனக்கு வேலை. ஒருபக்கம் நண்டுச் சதை எடுக்கும் மேசைகள், மறுபக்கம் கணவாய் கீறும் மேசைகள். கணவாய் மட்டும் வந்த நாளில் நண்டுப் பெண்கள் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான். அவர்களில் ஓர் அக்கா, கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறக்காமலேயே பஸ் ஏறுவார். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். கடல் எதைக் கொடுத்தாலும் அதற்கேற்ப ஓர் ஆலை மாறிக்கொள்ளக் கூடாதா?

கணவாய் நாளில் நண்டு மேசைகளையும் அந்தப் பக்கம் உருட்டிப்போகலாம் என்று முதலாளியிடம் பேசி, மேசைகளுக்குச் சக்கரம் வைத்தேன். தண்ணீர்க் குழாய்களைச் சட்டென்று கழற்றி மாட்டும்படி செய்தேன். காகிதத்தில் ஜோராக இருந்தது. ஆனால் வண்டி வந்து, பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் மாற்றவே ஆரம்பித்தோம். அதற்குள் ஐஸ் உருகியது.

"நாளைக்கும் வண்டி காத்துக் கெடந்துச்சுன்னா பழையபடியே போட்டுருவோம். நண்டுக்காரங்க நண்டு வந்தா வரட்டும்," என்றார் முதலாளி.

ஒரு விஷயம் மட்டும் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. ஓடு குத்தாமலிருக்க விரலில் துணி சுற்றுவார்களே, அந்த அக்கா சில நாள் அதை வீட்டிலேயே சுற்றிக்கொண்டு வருவார். அன்றைக்கெல்லாம் தவறாமல் நண்டு வரும். முதலாளி அப்படிச் சொன்ன மறுநாள் அக்கா வெறும் விரலோடு வந்ததும் கேட்டில் மறித்தேன்.

"என்னக்கா, துணியக் காணோம்?"

"எங்க வீட்டுக்காரரு வள்ளத்துல இருந்து போன் போட்டாரு. கரை தெரிஞ்சதும் சிக்னல் கெடைக்கும்லா. இன்னைக்கு எல்லா வள்ளத்துலயும் கணவாதானாம்."

"திருப்பி அனுப்பிருவாங்கன்னு தெரிஞ்சேவா வாரிய?"

"வரலன்னா நாளைக்குக் கூப்பிட மாட்டாவல்லா."

எனக்குச் சந்தோஷமும் சங்கடமும் ஒன்றாக வந்தன. வண்டியில் என்ன வரும் என்று எனக்குத் தெரிய வேண்டிய செய்தி தினமும் இந்தக் கேட்டுக்கு நடந்து வந்திருக்கிறது. மற்ற பெண்களிடமும் விசாரித்தேன். அவர்கள் வீட்டுப் போன்களும் கணவாய் என்றே சொல்லியிருந்தன. வண்டி வருமுன்பே நண்டு மேசைகளை உருட்டிப்போய்க் கணவாய் வரிசையில் சேர்த்தோம். நண்டு வந்துவிட்டால் என் சக்கரமும் போச்சு, அக்காவின் வேலையும் போச்சு.

வண்டி வந்தது. முதலாளியே கதவைத் திறந்தார். அத்தனையும் கணவாய். பெட்டிகள் நிற்காமல் மேசைக்குப் போயின. முதலாளி காலி வண்டியை அனுப்பிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினார்.

அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம், "ஏளா, இத எங்கன இருந்து கீறணும்?" என்று கேட்டார். அவள் ஒன்றைக் கீறிக் காட்டினாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்.