தாஹிராவும் இரண்டு பொன்னியம்மாள்களும்

காலையில் ஏனாத்தூர் போகும் ஷேர் ஆட்டோவில் பேராசிரியர் தாஹிரா கடைப் பலகைகளை உதட்டுக்குள் படித்துக்கொண்டே வருகிறார். “ஜோதிகா டைலர்ஸ்… சோதிகா… ஜ்யோதிகா.” கண்கள் பாதி மூடியிருக்கின்றன. பட்டுநூல் காயும் தெருக்கள், சிவப்பும் மஞ்சளுமாகக் கலங்கி ஓடிப் போகின்றன. வளாக வாசலைத் தாண்டிய பிறகு ஓட்டுநர் கமல்தான் திரும்பிப் பார்க்கிறார். “மேடம், காலேஜி தாண்டிடுச்சி. கனா கண்டுக்கினு இருக்கீங்களே!”

பக்கத்தில் உட்காரும் யாரிடமும் அவர் முதலில் கேட்பது பெயரைத்தான். “இன்னொரு தபா சொல்லுங்கமா,” என்பார். சொன்னதும் சாலையைப் பார்த்தபடி அதை மிட்டாய் போல வாய்க்குள் வைத்திருப்பார். என்னிடமும் அப்படிக் கேட்டுத்தான் பழக்கமானார்.

பெயர்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. ஒரே ஆளின் பெயர் ரேஷன் அட்டையில் ஒருவிதமாகவும் வாக்காளர் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று அரசாங்கக் கணினிக்குப் புரியவைக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் அவரே ‘தாகிரா’. வங்கியில் ‘டாகிரா’. “எங்கம்மா கூப்பிடறதுதான் கரெக்டு. அது எந்தக் கார்டுலயும் இல்ல,” என்று சிரிப்பார்.

அவர் எழுதிய மென்பொருளைச் சென்னையில் ஒரு துறை வாங்கி, உதவித்தொகை பெறுபவர்களில் போலிகளைக் களைய ஓட்டியது. சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், மாகறலிலிருந்து ஒரு பெண் அவர் அறை வாசலில் வந்து நின்றார். பொன்னியம்மாள், வயல்வேலை செய்பவர். கணவர் வீரபத்திரன் இறந்தபின் கிடைத்துவந்த விதவை உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. ரெண்டு இடத்தில் வாங்குவதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறது, அதை எழுதிய டீச்சர் ஏனாத்தூரில்தான் இருக்கிறார் என்று இ-சேவை மையத்தில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“நான் ஒருத்திதாம்மா. அந்த இன்னொருத்தி யாருன்னு காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்,” என்றார் பொன்னியம்மாள்.

அந்த இன்னொருத்தி ஐயம்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருந்தார். அவரும் பொன்னியம்மாள். இறந்துபோன அவர் கணவரும் வீரபத்திரன். பிறந்த வருடமும் ஒன்று. அவருக்கும் பணம் நின்றிருந்தது. தாஹிரா இருவரையும் அதே கடை பெஞ்சில் உட்காரவைத்தார். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. வெகுநேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

மறுநாள் சென்னையில் அந்தத் துறையின் கூட்டத்தில் அதிகாரி ராஜகோபால், “நூத்துக்கு ரெண்டு தப்பு வரத்தான் செய்யும் மேடம்,” என்றார்.

“அந்த ரெண்டு பேரோட நேத்து டீ குடிச்சேன் சார்,” என்றார் தாஹிரா. “மெஷினு சந்தேகப்படட்டும். பேரை அடிக்கக் கூடாது. அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் போயி அவங்க வாசல்ல நின்னு கேக்கணும். இல்லன்னா என் புரோகிராமை நிறுத்துங்க.”

நிறுத்தவில்லை. அவரைத்தான் நிறுத்தினார்கள். திட்டம் கைவிட்டுப் போனது. அதையொட்டிக் கிடைப்பதாக இருந்த டெல்லி ஆலோசகர் பதவியும் போனது. திரும்பும் ரயிலில் செங்கல்பட்டு வரை அழுததாக என்னிடம் சொன்னார். “வேலை போனதுக்கு இல்லபா. இத்தினி வருஷம் பேரா பாத்துக்கினு இருந்தேன். ஒரு ஆளையும் பாக்கல.”

அதன்பின் வகுப்பில்லாத நாளெல்லாம் அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார். மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி, அப்படி விடுபட்ட மற்றவர்களையும் தேடிப்பிடித்தார். அடுத்த ஆண்டு துறை, வாசலில் போய்க் கேட்காமல் யாரையும் நீக்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அறிவிப்பில் அவர் பெயர் எந்த எழுத்திலும் இல்லை.

உதவித்தொகை திரும்ப வருவதற்கான ஆணையை வாங்க, காஞ்சிபுரத்தில் ஓர் அலுவலகத்துக்கு மூவரும் போன அன்று நானும் உடன் இருந்தேன். மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது. தாஹிரா எங்கோ பார்த்தபடி, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது: “பொன்னியம்மாள்!”

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். பெஞ்சில் அவர்கள் விட்டுப்போன இரண்டு துணிப்பைகள், ஒரே ஜவுளிக்கடையில் கொடுத்தவை. தாஹிரா அவற்றை மடியில் எடுத்து வைத்து, கலந்துவிடாதபடி கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்.